சுவருக்குத் தோற்கிற சாந்து

சீமெந்து விற்றுப் பிழைக்கிறவனின் கடைக்குள் வந்து நின்றுகொண்டு, "உங்க சீமெந்து நல்ல சீமெந்துதாங்க. அதுதான் கோளாறு" என்று ஒருவர் சொன்னால் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது. மாத்தளையிலிருந்து யட்டவத்த போகிற பாதையில் எத்தனையோ வருஷமாக ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். மூட்டைகளுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துதான் நான் உலகத்தைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் காலையில் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்த அந்தப் பெண், சுண்ணாம்பை எந்தச் சூளையிலிருந்து எடுக்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருந்து விற்கிறீர்கள், நனையாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒன்றுக்கும் எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. தெரியாத எரிச்சலில், இந்தக் காலத்தில் சுண்ணாம்பு எதற்கு, சீமெந்து வாங்கிப் போங்கள் என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

என்னை அவர், எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்பார். அவரை நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். பெயர் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் வேலை முடிந்த பிறகு பள்ளிவாசல் நோட்டீஸ் பலகையில் நன்றி சொல்லிப் பெயர் எழுதப் போனபோது வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்ற ஆள் அவர். இங்கேயும் எழுதாமல் விடுகிறேன். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, சுண்ணாம்பு பட்டு வெடித்த விரல்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கு, அந்தக் கட்டடத்தின் உடம்புக்கு ஒத்துப்போகிற சாந்தைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

மாத்தளை டவுனில் ஒரு பழைய மிளகு ஸ்டோரின் பின்னறையை வாடகைக்கு எடுத்து அதில்தான் வேலை செய்தார். முதல்முறை அங்கே போனபோது எனக்குத் தும்மல் நிற்கவே இல்லை. பாதி மிளகு, பாதி சுண்ணாம்பு. சுவர் நெடுகப் பலகைத் தட்டு அடித்து, அதில் சவர்க்காரக் கட்டி அளவில் நூற்றுக்கணக்கான சாந்துக் கட்டிகளை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு துண்டுக் காகிதம். நல்லவை எது என்று கேட்டேன். நல்லவை உள்ளே அலுமாரியில் இருக்கின்றன, இவை எல்லாம் கெட்டுப்போனவை என்றார். வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் கெட்டதை வைத்து, நல்லதை அலுமாரிக்குள் பூட்டி வைக்கிற ஒருவரை நான் வியாபாரத்தில் பார்த்ததில்லை.

காகிதங்களை வாசித்துக்கொண்டே போனேன். 'சாம்பல் சரியாக வேகவில்லை, கறுப்பு.' 'மணலில் களிமண் கூடுதல். என் கவனக்குறைவு.' 'அவசரப்பட்டேன்.' ஒரு கட்டி இருந்த இடத்தில் வெறும் தடம் மட்டும்தான் இருந்தது. காகிதத்தில், 'கித்துல் பாணி சேர்த்தது. எறும்பு தின்றுவிட்டது' என்று எழுதியிருந்தார். பழைய காலத்தில் இனிப்புப் பாணியும் முட்டையும் சேர்த்துத்தான் கட்டினார்கள் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்களே, அதை யாரோ இவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மனம் நோகாமல் தலையாட்டிவிட்டு வந்து, அதையும் ஒழுங்காகச் செய்து பார்த்திருக்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தக் காகிதத்தை எடுக்கவில்லை.

நான் எதற்கு அந்த அறைக்குப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் பழையது. எப்போது கட்டினார்கள் என்று சரியாகச் சொல்ல யாரும் இல்லை. கருங்கல்லை அடுக்கி, இடையில் களிமண் வைத்து, மேலே சுண்ணாம்பு பூசிய பெரிய தடித்த சுவர்கள். வாப்பா மௌத்தாகி அடக்கமான வருஷம், அவருடைய பேரில் நன்மை போய்ச் சேரட்டும் என்று நான், தொழும்போது முகம் பார்க்கிற கிப்லாப் பக்கத்துச் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் சீமெந்துப் பூச்சுப் போட்டுக் கொடுத்தேன். என் கடையில் இருந்த ஆக நல்ல சீமெந்து. பழைய சுண்ணாம்பெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடி மாதிரிப் பூசி, மேலே விலை கூடின பெயின்ட் அடித்தோம். ஜும்ஆவுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாப்பாவுக்காகத் துஆச் செய்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறேழு மழை போன பிறகு அந்தச் சுவர் வியர்க்கத் தொடங்கியது. நெஞ்சு உயரத்தில் பெயின்ட் கொப்பளித்தது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. அதைச் சுரண்டி மறுபடி சீமெந்து பூசினேன். ஈரம் இன்னும் ஒரு முழம் மேலே ஏறியது. கடைசியில் மூலையில் என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. சுவர் உளுத்துப்போய்விட்டது, பள்ளியை இடித்துவிட்டுக் கொங்கிரீட்டில் மாடி வைத்துக் கட்டுவோம் என்று நிர்வாக சபைத் தலைவர் சொல்லத் தொடங்கினார். அவர் எண்பதை நெருங்கிய ஹாஜியார், சொன்னால் சொன்னதுதான். என் மனது கேட்கவில்லை. வாப்பா தொழுத சுவர். அதனால் என் மூக்கை உடைத்துவிட்டுப் போன அந்தப் பெண்ணைத் தேடி, வெட்கத்தை விட்டு, மிளகு ஸ்டோருக்குப் போனேன்.

வந்து பார்க்கிறேன் என்றார். அதற்கு முதல், அவர் செய்த வேலை ஒன்றை நான் பார்க்க வேண்டும் என்றேன். வியாபாரி புத்தி, சாம்பிள் கேட்காமல் விடாது. சரி என்று சொல்லி என்னை இரத்தோட்டை பஸ்ஸில் கூட்டிப் போனார். இறங்கி ஏற்றத்தில் நடந்து, ஒரு பழைய தோட்டத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு முன்னால் போய் நின்றோம். சாந்து கல்லை விட்டுக் கழன்று நின்றது. அங்கங்கே கல்லின் ஓரமும் சேர்ந்து பெயர்ந்திருந்தது.

"இது நான் செஞ்சது. தப்பாப் போச்சு" என்றார்.

நான் திகைத்துப் போனேன். சாந்து கொஞ்சம் பலமாக இருக்கட்டும் என்று தான் நினைத்துவிட்டதாகவும், வெயிலுக்கும் மழைக்கும் கல் அசைய இடம் கேட்டபோது சாந்து இடம் கொடுக்காமல் கல்லையே உடைத்துவிட்டதாகவும் விளக்கினார். அந்த உடைந்த கல்லை விரலால் தடவிக்கொண்டே சொன்னார். தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் அவரை அடையாளம் கண்டு நலம் விசாரித்தார்கள். பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தன்னுடைய தோல்வி நிற்கிறது, அதையே சாம்பிளாக ஒருவனுக்குக் காட்டுகிறார். சரியாக வந்ததையும் காட்டலாமே என்று கேட்டேன். அதை எல்லாரும் காட்டுவார்கள், எங்கே தவறுவேன் என்று தெரிந்துகொண்டு நீங்கள் கூப்பிட்டால் போதும் என்றார். இந்த மனுஷியிடம் சுவரை ஒப்படைக்கலாம் என்று அந்தப் பாலத்தடியில்தான் முடிவு செய்தேன்.

பள்ளிக்குள் ஒரு பெண், அதுவும் வேறு மார்க்கத்துப் பெண், வேலை செய்வதைப் பற்றி ஜமாஅத்தில் முணுமுணுப்பு வந்தது. அவரே தலைவரிடம் போய், எந்தெந்த நேரத்தில் வரக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொண்டார். அதன் பிறகு தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, மதியத்து லுஹர் தொழுகை முடிந்து கடைசி ஆள் வெளியேறிய பின்தான் உள்ளே வருவார். பின்னேரத்து அஸருக்குப் பாங்கு சொல்லக் கால்மணி நேரம் இருக்கும்போது பாயை உதறி விரித்துவிட்டுப் போயிருப்பார். தொழுகை நேரம் எங்களைவிட அவருக்குத்தான் தெரியும் என்று பகிடி பண்ணினோம். ஒரு மாதத்தில் முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

சுவரிலிருந்து அவர் எடுத்தது நகத்தளவு துண்டுகள்தான். சீமெந்து ஏறாத மறுபக்கச் சுவரின் பழைய சுண்ணாம்பில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் எடுப்பார். அதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு அமிலம் ஊற்றுவார். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துபோகும். அடியில் மிஞ்சிய மணலைக் கழுவிக் காயவைத்து, ஊசிமுனையால் ஒவ்வொரு மணியாகப் பிரிப்பார். நாட்கணக்கில் இதைச் செய்தார். ஒருநாள் கடைக்கு வந்து, பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் எங்கேயாவது சிவப்பு மணல் இருக்கிறதா என்று கேட்டார். மூங்கில் பற்றைக்குக் கீழே இருக்கிறது, சின்ன வயதில் குளித்த இடம். எப்படித் தெரியும் என்றேன். சுவரில் இருக்கிறது என்றார்.

இன்னொரு நாள் சுவரைக் காட்டி, இந்த இடம் வரைக்கும் பூசியவர் ஒருவர், அதற்கு அப்பால் பூசியவர் வேறொருவர் என்றார். முதல் ஆள் சுண்ணாம்பை நன்றாக ஊறவிட்டிருக்கிறார், இரண்டாமவர் அவசரக்காரர், வேகாத கட்டிகளை அப்படியே போட்டிருக்கிறார். செத்து மண்ணாகிப்போன ஒரு மேசன், யாருக்கும் தெரியாமல் செய்த சோம்பல் வேலையை இந்தப் பெண் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்றோ ஒருநாள் யாராவது நான் பூசியதையும் இப்படித்தானே வாசிப்பார்கள்?

அந்தப் பயத்தில்தான் கேட்டேன், என்னுடைய சீமெந்து அப்படி என்னதான் செய்தது என்று. நிலத்து ஈரம் இந்தச் சுவருக்குள் எப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது, சுண்ணாம்பு அதை வெளியே விட்டுக்கொண்டு இருந்தது, நீங்கள் இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டீர்கள் என்றார். போக வழியில்லாத தண்ணீர் உள்ளே இருந்த களிமண்ணைக் கரைக்கிறது. அதோடு வந்த உப்பு கல்லைப் பொடியாக்குகிறது.

"சுவருக்கும் சாந்துக்கும் சண்டை வந்தா சாந்துதான் தோக்கணும் நானா. சாந்தத் திரும்பப் பூசிக்கலாம். இந்தச் சுவர எங்க போயி வாங்குவீங்க?"

அன்று அஸருக்கு நின்றபோது எனக்கு ஓதியது எதுவும் மனதில் நிற்கவில்லை. வாப்பாவின் பேரில் செய்த நன்மை பள்ளிச் சுவரைத் தின்றுகொண்டிருக்கிறது என்றால், இத்தனை வருஷமாக அவருடைய கப்ருக்குப் போய்ச் சேர்ந்தது என்ன? இதை ஆலிம்களிடம் கேட்கவும் வெட்கம். மறுநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். யாரிடம் எதைக் கேட்பது என்ற விவஸ்தை இல்லாமல் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அத நான் சொல்ல முடியாதுங்க நானா. ஈரம் எங்க போகுதுன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

ஆறுதலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். தெரியாததைச் சொல்ல அவருக்கு வாய் வராது. அந்தப் பதிலில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தலைவர் ஒரு தவணை கொடுத்தார். சுவரின் வெளிப்பக்கம் மூன்று இடத்தில் சீமெந்தை உடைத்து, மூன்று விதமான சாந்து பூசிப் பார்க்கலாம். வருஷக் கடைசி மழை முடிந்ததும் நிர்வாக சபை வந்து பார்க்கும். சரியென்றால் சுவர் நிற்கும். இல்லையென்றால் நோன்புப் பெருநாள் கழிந்ததும் பள்ளி இடிபடும். இதற்கு மேல் பேச்சில்லை.

மிஸ் அந்த மூன்று சாந்துக்காக அலைந்த அலைச்சலை நான் கூடவே இருந்து பார்த்தேன். லக்கலப் பக்கத்து நெல் ஆலையிலிருந்து உமி வந்தது. அதைத் தகர உருளையில் போட்டு மெதுவாக எரித்தார். சாம்பல் கறுப்பாக இருந்தால் ஒன்று, வெளுத்துப்போனால் ஒன்று என்று திட்டுவார், உமியை அல்ல, தன்னை. உடைந்த ஓடும் செங்கலும் வீடு வீடாகப் பொறுக்கி இடித்துச் சலித்தார். ஆற்று மணலை லொறிக் கணக்கில் அள்ளக் கூடாது என்று பிடிவாதம். ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற ஓர் ஆற்றைக் கெடுப்பதா என்பார். ஓடை மணலும் வாளிக்கணக்கில்தான் எடுப்பார், எடுத்த இடம் அடுத்த மழையில் நிரம்பிவிட்டதா என்று போய்ப் பார்ப்பார். கடைசியில் முதலாவது சுண்ணாம்பும் மணலும் மட்டும். இரண்டாவதில் செங்கல் தூளும் கொஞ்சம் சாம்பலும். மூன்றாவதில் சாம்பல் இன்னும் கூடுதல்.

முதல் இரண்டையும் பூசிய பிறகு வந்தது இன்னொரு கூத்து. சீமெந்து என்றால் இன்று பூசி நாளைக்கு ஆணி அடிக்கலாம். இவருடைய சாந்து ஒரு கிழமை கழித்தும் நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் வந்து தண்ணீர் தெளிப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஜமாஅத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். தலைவர் புதுப் பள்ளிக்குப் பிளான் கீற ஆள் பார்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது சாந்தைக் குழைத்த அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். மிஸ் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், சாந்து குழைத்துப் பூச வைத்திருந்த கொத்தனார், எங்கள் மேசன் பாஸிடம் கடையிலிருந்து கொண்டுபோன சீமெந்தைக் கொடுத்து, பூசுகரண்டியால் மூன்று கரண்டி கலக்கச் சொன்னேன். அவர் சிங்களத்தில், மிஸ்ஸுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாரே முதலாளி என்றார். தெரியாது, கலக்கு என்றேன். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. மூன்றில் ஒன்றாவது தேறினால் சுவர் பிழைக்கும், மிஸ்ஸும் தலைநிமிர்ந்து நிற்பார் என்றுதான் நினைத்தேன். எத்தனை சொல்லிக் கொடுத்தாலும் சீமெந்து வியாபாரியின் கை சீமெந்துக்குத்தானே போகும்?

அந்த வருஷம் மழை விட்டுக் கொடுக்காமல் பெய்தது. நின்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நிர்வாக சபை சுவரடியில் கூடியது. முதலாவது பூச்சில் பாதி கொட்டிப்போயிருந்தது. இரண்டாவது நின்றது, ஆனால் மேலே மாவு மாதிரிப் பொடி. மூன்றாவது பளிங்கு. ஒரு கீறல் இல்லை.

தலைவர் மூன்றாவதை உள்ளங்கையால் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். "இது நல்லா ஈக்கி மிஸ். முழுச் சுவருக்கும் இப்பிடிச் செஞ்சு தருவீங்க எண்டா இடிக்கத் தேவல்ல" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்த நிமிஷத்தில் பள்ளிவாசல் பிழைத்துவிட்டது. நான் வானத்தைப் பார்த்து மூச்சு விட்டேன்.

மிஸ் தலையாட்டவில்லை. பூச்சின் மேல் நகத்தை வைத்துக் கீறினார். கோடு விழவில்லை. குடிக்கக் கொண்டுவந்த போத்தலைத் திறந்து இரண்டாவது பூச்சில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். பட்ட இடத்திலேயே சுவர் அதைக் குடித்துவிட்டது. மூன்றாவதில் விட்டார். வழிந்து நிலத்துக்கு ஓடியது.

"இது என் சாந்து இல்லீங்க ஹாஜியார்" என்றார். "என் சாந்துக்கு இவ்வளவு பலம் வராது. வரக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாள் கஷ்டப்பட்டேன்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நல்லது என்றுதானே சொல்கிறோம், பிறகு என்ன என்று ஒருவர் கேட்டார். மேசன் பாஸ் என்னைப் பார்த்தார். சும்மா இருந்திருக்கலாம். மிஸ்ஸுக்கு யார் என்று தெரியாது, பாஸும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் கையில் விழுந்த வெற்றியை இது என்னுடையதல்ல என்று அத்தனை பேர் முன்னால் கீழே வைத்துவிட்டு நிற்கிற ஒருவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நான்தான் சீமெந்து கலந்தேன் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது.

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

"எத்தன கரண்டி நானா?"

"மூணு."

"மட்டமாவா, குவிச்சா?"

"குவிச்சு."

எழுதிக்கொண்டார். பிறகு உளியையும் சுத்தியலையும் வாங்கி, எல்லாரும் பார்க்க மூன்றாவது பூச்சை உடைத்தார். பளிங்கின் பின்னால் கல் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது. இடுக்கில் இருந்த களிமண் சேறாகி அவருடைய விரலோடு வந்தது. அடுத்து இரண்டாவதை உடைத்தார். அங்கே கல் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் வடியவில்லை. தலைவர் அதைக் கண்டுவிட்டு, அப்போது இரண்டாவதுதான் சரியா என்று கேட்டார். ஆம் என்று சொன்னால் போதும். பிழைக்க வழி அவரே திறந்து கொடுக்கிறார்.

"ஒரு மழைய வச்சு அப்படிச் சொல்ல முடியாதுங்க. சரியா இருக்கும்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் மிஸ்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த மனுஷிக்குப் பொய் வேண்டாம், கொஞ்சம் மழுப்பவாவது தெரியாதா? தலைவர் குனிந்து சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் பங்குக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. வாப்பா பேரில் நான் போட்ட பூச்சு முழுவதையும் உடைத்துவிடுங்கள் என்றேன்.

"ஜெயிச்சத்துக்குப் பொறகு நான் ஜெயிக்கல்ல எண்டு செல்ற ஆள நான் இந்த வயசுக்குக் கண்டதில்ல" என்றார் தலைவர். "இன்னொரு மழ பாப்போம்."

அடுத்த மாதங்களில் சுவர் உரிபட்டது. முதல் பலகை சீமெந்து விழுந்தபோது நான் கல் இடுக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை சேறு. வாப்பாவை நினைத்து அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை. மிஸ் வாளித் தண்ணீரைக் கோப்பையில் மொண்டு நான் கை கழுவ ஊற்றினார். சேறாகிப்போன இடுக்குகளைக் கரண்டி கரண்டியாகக் காலி செய்து, காயவிட்டு, புதிதாக அடைத்தார். இரண்டாவது சாந்துதான், சாம்பலை இன்னும் கொஞ்சம் குறைத்திருந்தார். சாக்குத் தொங்கவிடுவதும் தண்ணீர் தெளிப்பதும் இப்போது ஜமாஅத்துக்காரர்களின் முறைவேலை ஆனது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு வருகிறவர்கள் ஒரு கோப்பைத் தண்ணீரைச் சுவருக்கும் தெளித்துவிட்டுப் போனார்கள். அளவை எல்லாம் ஒரு தாளில் சிங்களத்தில் எழுதி மேசன் பாஸிடம் கொடுத்துவிட்டு, மன்னார்ப் பக்கம் ஒரு பழைய கட்டட வேலைக்கென்று மிஸ் போய்விட்டார். எனக்கு மட்டும் ஒரு சாந்துக் கட்டியைக் காட்டிவிட்டுப் போனார். மிளகு ஸ்டோர்த் தட்டில் அதன் கீழே, 'சீமெந்து மூன்று கரண்டி, குவித்து. அன்பினால்' என்று எழுதியிருந்தது.

மழை வந்தது. நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் போனேன், ஆனால் சுவரின் வெளிப்பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. தை பிறந்து வெயில் கண்ட ஒரு நாள், லுஹருக்கு முன்னால் தலைவர் போன் எடுத்தார். உடனே வா என்று மட்டும் சொன்னார். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். சுவரின் கீழ்ப்பகுதி நெடுக மேல் தோல் பொரிந்து நின்றது. தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் கன்னத்தை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"காஞ்சீக்கி" என்றார். "உள்ளுக்கும் பாத்தேன். காஞ்சீக்கி."

நானும் கன்னத்தை வைத்தேன். வெயில் பட்ட கல்லின் இளஞ்சூடு. இத்தனை வருஷத்தில் அந்தச் சுவர் சூடாக இருந்து நான் அறிந்ததில்லை. மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். சுவர் காய்ந்துவிட்டது என்றேன். வெளிப்பூச்சு பொடியாகக் கொட்டுகிறது என்பதையும் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டு அவர் கேட்டது இதுதான்.

"கொட்டின பொடிய எடுத்து வச்சிருக்கீங்களா?"

காலையில் பள்ளியைப் பெருக்குகிறவர் கூட்டி, ஜம்பு மரத்தடியில் கொட்டிவிட்டிருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டே அங்கே போய்க் குந்தினேன். இலைச் சருகை விலக்கி, வெள்ளைப் பொடியாகப் பார்த்து ஒரு சிட்டிகை எடுத்தேன்.

"நாக்குல வச்சுப் பாருங்க நானா."

வைத்தேன். உப்புக் கரித்தது. அப்படி ஒரு கரிப்பு. சொன்னேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சுவரத் தின்னுக்கிட்டிருந்த உப்பு அது. இப்ப வெளிய வருது" என்றார். "வருஷா வருஷம் கொஞ்சம் கொட்டும். கொட்டின எடத்துல பூசிக்கோங்க. அளவு பாஸ்கிட்ட இருக்கு. இனி என்னக் கூப்பிடத் தேவையில்லீங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது தலைவர் பக்கத்தில் வந்து நின்றார். என்ன ருசி என்று அவர் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். அவருடைய உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தேன்.